பாறை எப்படி நசுங்கியது? மலையகத்தில் முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலோ, அப்புத்தளைக்கும் எல்லவுக்கும் இடையிலோ, வீதியை அகலமாக்க வெட்டிய மலைச்சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வரிவரியாக ஓடும். சில இடங்களில் அந்த வரி வளைந்து, தன்மேலேயே திரும்பி மடிந்து கிடக்கும். மலையகத்துப் பாறை ஏறக்குறைய முழுவதும் உருமாறிய பாறை. நிலத்துக்கு அடியில் வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற, முழுக்க உருகிப் போகாமல், திண்மமாக இருந்தபடியே வேறு கனியங்களாக மாறியது. மாறிக்கொண்டிருந்தபோதே நசுங்கியும் இழுபட்டும் இருக்கிறது. அந்தத் தடயங்களைக் கண்டுபிடித்து, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வரிசைப்படுத்துவது எப்படி என்று பார்ப்போம். சாதாரண தர விஞ்ஞானம் படித்திருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த எல்லாவற்றையும் பாறை வைத்திருப்பதில்லை. புதிய வெப்பம் வந்தால் பழைய கனியம் அழிந்து புதியது வளரும். புதிய நசிவு வந்தால் பழைய வரியைத் தன் போக்குக்குத் திருப்பிவிடும். நம்முடைய பாறைகள் மிகக் கடுமையாகச் சூடேறியவை என்பதால் அழிந்துபோனது அதிகம். ஆனாலும் பழையது தப்பிக் கிடக்கும் ஒதுக்கிடங்கள் சில உண்டு: கார்னெட் என்னும் செந்நிறக் கனிய மணியின் உட்பகுதி, மடிப்பின் வளைவு, மென்மையான பாறைக்குள் சிக்கிய வலிய துண்டு. வரி அழகாக நேராக ஓடும் இடத்தைக் கடந்து இந்த ஒதுக்கிடங்களைத் தேடிப் போகப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கே பார்ப்பது, என்ன கொண்டுபோவது

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், திசைகாட்டி, சாய்வளக்கும் செயலி உள்ள கைத்தொலைபேசி, பென்சில், கோடில்லாத கொப்பி, ஒரு போத்தல் தண்ணீர். இவ்வளவுதான். தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமல்ல. காய்ந்த பாறையில் தெரியாத வரி நனைத்தவுடன் தெரியும். சுத்தியல் முதலில் வேண்டாம். வீதி வெட்டுமுகத்திலும் ஆற்றுப்படுகையிலும் ஏற்கெனவே உடைந்த முகங்கள் தாராளமாகக் கிடைக்கும். ஹோர்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களில் கல்லைத் தட்டுவதற்கோ எடுப்பதற்கோ அனுமதியில்லை. கண்ணால் பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் மட்டுமே அங்கே போகவேண்டும்.

நல்ல இடங்கள் என்று நான் சொல்வது மூன்று வகை. ஒன்று, ஓடைகளும் அருவிகளும் கழுவி வழுவழுப்பாக்கிய பாறைப்படுகை. வெயில் காலத்தில் தண்ணீர் குறைந்திருக்கும்போது இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. இரண்டு, கல் உடைக்கும் குவாரி. அனுமதி கேட்டு, வெடி வைக்காத நேரத்தில் போங்கள். மூன்றாவது, பலரும் கணக்கிலேயே எடுக்காத உக்கிய பாறை. தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டிய சுவரைப் பாருங்கள். மண் என்று நினைப்பது பல இடங்களில் மண்ணே அல்ல. இருந்த இடத்திலேயே உக்கிப்போன பாறை. பெல்ட்ஸ்பார் என்னும் வெளிர்நிறக் கனியம் வெள்ளைக் களியாகியிருக்கும், கார்னெட் துருநிறப் புள்ளியாகியிருக்கும், கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ் கனியத்தின் பட்டை மட்டும் கெட்டியாக நிற்கும். ஆனால் வரியும் மடிப்பும் அப்படியே இருக்கும். கத்தியால் சீவிப் பார்க்கக்கூடிய மடிப்பு வேறெங்கே கிடைக்கும்?

மழை பெய்த மறுநாள் வெட்டுச்சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். ரயில்பாதை ஓரத்து வெட்டுகள் எவ்வளவு ஆசை காட்டினாலும் தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். நானுஓயாவுக்கும் பட்டிப்பொலவுக்கும் இடையே ரயில் பெட்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே நிறையப் பார்த்துவிடலாம். தோட்டத்துக்குள் போவதானால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அட்டைக்கு உப்பு.

முதலில் கல்லை அடையாளம் காணுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள்

மலையகத்தில் ஐந்தாறு வகைப் பாறைகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான இடங்களைச் சமாளிக்கலாம். வெள்ளை வரியும் கறுப்பு மைக்கா வரியும் மாறிமாறி ஓடி, நடுவில் செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்திருந்தால் அது கார்னெட் நைஸ். மைக்கா என்பது தகடு தகடாக உரிந்து மினுங்கும் காக்காப்பொன். அதே பாறையில் வெள்ளை ஊசிகளும், விரலில் கறுப்பாக ஒட்டும் காரீயச் செதில்களும் இருந்தால், அது ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்தது என்று சொல்லலாம். அந்த ஊசி சிலிமனைட் என்னும் அலுமினியக் கனியம். எண்ணெய் பூசியது போன்ற மினுக்கத்தோடு பசுஞ்சாம்பல் நிறத்தில் திணிந்து நிற்பது சார்னோக்கைட். சென்னைப் பரங்கிமலையிலும் இதே வகைப் பாறைதான். கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்திருந்த காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவின் ஒரு கரையும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

கண்ணாடித்துண்டுகள் இறுகியதுபோல, முழுக்க முழுக்கக் குவார்ட்ஸாக இருப்பது குவார்ட்சைட். எளிதில் உக்காது, ஆகவே நீண்ட மலைமுகடுகளாக நிற்கும். மாத்தளை, திகனப் பக்கம் கிடைப்பது சுண்ணக்கல் உருமாறி உண்டான பளிங்குக்கல். அதிலும் மக்னீசியம் கலந்த டொலமைட் அதிகம். கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைகளுக்குத் தூவும் டொலமைட் தூள் இப்படிப்பட்ட பாறையை அரைத்ததுதான்.

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இடறும் ஓர் இடம் உண்டு. வரியைக் கண்டதும் ஆற்றிலோ கடலிலோ படிந்த அடுக்கு என்று முடிவுகட்டிவிடுவார்கள். அடையற்பாறையில் அது சரி. இங்கே பல வரிகள் நசிவினால் உண்டானவை. ஒரு பாறை ஒரு பக்கமாக அழுத்தப்பட்டால் தட்டையான மைக்கா செதில்கள் அழுத்தம் வரும் திசைக்குக் குறுக்காகத் திரும்பி அடுக்கும். புதிதாக வளரும் செதில்களும் அந்தப் போக்கிலேயே வளரும். பாதி உருகிய பாறையில் உருகிய வெள்ளைப் பகுதி தனிப் பட்டையாகப் பிரிந்து ஒதுங்கும். இரண்டும் சேர்ந்தால் அச்சு அசலாகப் படிவடுக்கு போலவே தோன்றும். தீப்பாறையாகப் பிறந்த கல்லிலும் இந்த வரி உண்டு. ஆகவே பொதுவாக இதை வரித்தளம் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பளிங்குக்கல்லும் குவார்ட்சைட்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மட்டும், அந்த எல்லை ஆதியில் சுண்ணாம்புச் சேறும் மணலும் சந்தித்த எல்லையாக இருக்கலாம் என்று துணிந்து எழுதலாம். அப்படிப்பட்ட எல்லைகள்கூடப் பின்னால் இழுபட்டு வரித்தளத்துக்கு இணையாகத் திரும்பியிருக்கும்.

இன்னொரு பொறி. சார்னோக்கைட் பாறை உக்கும்போது உருண்டை உருண்டையாகத் தோலுரியும். வெட்டுச்சுவரில் அந்த வளைந்த தோல்களைப் பார்த்து மடிப்பு என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. சோதிப்பது சுலபம்: உருண்டையின் உள்ளே நல்ல பாறையில் வரி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வரி நேராக ஊடுருவிப் போய், தோல் மட்டும் வளைந்திருந்தால் அது வெயிலும் மழையும் செய்த வேலை.

தளத்தை அளப்பது

சரி, வரித்தளம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்தது அது எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்பது. தளம் ஓரளவு வெளியே தெரியும் இடத்தில் போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். தண்ணீர் ஓடும் திசைதான் சாய்வுத்திசை. அந்தத் திசையைத் திசைகாட்டியில் பாருங்கள். கொப்பியின் அட்டையைத் தளத்தின்மேல் வைத்து, கைத்தொலைபேசியை அதன்மேல் வைத்தால் சாய்வுக்கோணம் கிடைக்கும். ‘திசை 070, சாய்வு 40’ என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை, சற்றுத் தள்ளித் தள்ளி அளக்கவேண்டும். சில நைஸ்களிலும் சார்னோக்கைட்டிலும் மக்னடைட் என்னும் காந்தத்தன்மையுள்ள இரும்புக் கனியம் இருக்கும். அது திசைகாட்டி முள்ளை இழுக்கும். முள் சந்தேகமாக ஆடினால் இரண்டடி விலகி நின்று பாருங்கள். இரும்புக் கம்பி போட்ட தடுப்புச்சுவர் பக்கத்திலும் இதே தொல்லைதான்.

மலையகத்தில் பாறைப்பட்டைகள் பெரும்பாலான இடங்களில் வடக்கு அல்லது வடமேற்கிலிருந்து தெற்கு அல்லது தென்கிழக்காக ஓடுகின்றன. உங்கள் அளவு அதிலிருந்து பெரிதாக விலகினால் தவறு என்று அழித்துவிடாதீர்கள். ஒரு பெரிய மடிப்பின் வளைவில் நிற்கிறீர்களோ என்று யோசியுங்கள்.

இழுபட்ட திசை

நசிவு என்றாலே மேலிருந்து அழுத்துவது மட்டும் அல்ல. ஒரு பக்கம் நசுங்கினால் இன்னொரு பக்கம் நீளவேண்டும். நீண்ட திசையைக் காண, வரித்தளத்தை விளிம்பில் பார்க்காமல் அதன் முகத்தைப் பாருங்கள். சிலிமனைட் ஊசிகள் எல்லாம் ஒரே பக்கம் நோக்கிப் படுத்திருக்கும். அல்லது குவார்ட்ஸ் மணிகள் நீளக்குச்சிகளாக இழுபட்டிருக்கும். இதை நீட்சிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். நடுமதியத்தில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தும் பார்க்கலாம்.

மலையகப் பாறைகளில் குவார்ட்ஸ் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பல நைஸ்களில் குவார்ட்ஸ் உருண்டை மணியாக இராமல், ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பில், சென்ரிமீட்டர்க் கணக்கான நீளத்தில், சாம்பல்நிறக் கண்ணாடித் தகடுகளாக இருக்கும். வெட்டுமுகத்தில் பார்த்தால் மெல்லிய கோடு; தளத்தின் முகத்தில் பார்த்தால் தகடு. உச்ச வெப்பத்தில் மிக வலுவாக இழுபட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி கையில் கிடைக்காது. குவார்ட்ஸ் சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேலேயே உடையாமல் வளைந்து கொடுக்க ஆரம்பிக்கும்; பெல்ட்ஸ்பாருக்கு 450 பாகை அளவு வேண்டும். இங்கே இரண்டும் சேர்ந்தே இழுபட்டிருக்கின்றன.

எந்தப் பக்கத்துப் பாறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் சில நேரம் சொல்லலாம். நீட்சிக்கோட்டுக்கு இணையாகவும் வரித்தளத்துக்குச் செங்குத்தாகவும் உடைந்த முகத்தைத் தேடுங்கள். அதில் கண் வடிவில் நிற்கும் பெரிய பெல்ட்ஸ்பார் மணிகளுக்கு இருபுறமும் வால் இருக்கும். ஒரு வால் மேலேயும் மற்றது கீழேயும் இழுபட்டிருந்தால், வால் போகும் பக்கம்தான் அந்தந்தப் பக்கத்துப் பாறை நகர்ந்த பக்கம். ஆனால் ஒரு கண்ணைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். நசிவு நின்ற பிறகும் வெப்பம் தொடர்ந்ததால் நம் பாறைகளில் மணிகள் புதிதாக வளர்ந்து வால்களை மங்கவைத்திருக்கின்றன. பல கண்களைப் பார்த்து, பெரும்பாலானவை ஒரே பக்கம் சொன்னால் மட்டும் எழுதுங்கள்.

மடிப்பு: இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்

பரோட்டாவுக்கு மாவை இழுத்து மடித்துத் திரும்ப இழுக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் போட்ட மடிப்பு இரண்டாம் இழுப்பில் நசுங்கி வெறும் அடுக்காகிவிடும். மலையகப் பாறையிலும் அதுவே நடந்திருக்கிறது. நீளமாக நேராக ஓடும் வரியைப் பின்தொடர்ந்து போங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் அது கூர்மையாகத் திரும்பி வந்த வழியே போகும். அந்தத் திருப்பம் விரல் அகலம்கூட இராது. அதுதான் பழைய மடிப்பின் எஞ்சிய வளைவு. அதைக் கண்டுபிடிக்காவிட்டால், ஒரே பட்டை இரண்டு தடவை வருவதை இரண்டு வேறு பட்டைகள் என்று எண்ணிவிடுவீர்கள்.

வளைவைக் கண்டதும் லென்ஸை எடுங்கள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: மைக்கா செதில்கள் வளைவோடு சேர்ந்து வளைந்து போகின்றனவா, அல்லது வளைவைக் குறுக்கே வெட்டி, மடிப்பின் இரு கைகளுக்கும் நடுவே நேராக நிற்கின்றனவா? வளைந்து போனால் செதில்கள் மடிப்புக்கு முன்பே இருந்தவை. குறுக்கே நேராக நின்றால் அவை மடியும்போது வளர்ந்தவை. ஒரே வளைவில் இரண்டும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: முதல் நசிவும் இரண்டாம் நசிவும் ஒரே கைப்பிடிக் கல்லில். மடிப்பின் கைகளில் இந்த வித்தியாசம் தெரியாது, அங்கே இரண்டும் இணையாகிவிடும். வளைவை ஒதுக்கிடம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

பிறகு சின்ன மடிப்பின் வடிவத்தைக் குறியுங்கள். ஒரே திசையைப் பார்த்து நின்றுகொண்டு, சின்ன மடிப்புகள் எஸ் எழுத்துப்போலத் தெரிகின்றனவா, இஸட் போலவா, எம் போலவா என்று எழுதிக்கொண்டே வெட்டுச்சுவர் நெடுக நடங்கள். எஸ் எஸ் என்று வந்து, ஓரிடத்தில் எம் ஆகி, அப்புறம் இஸட் ஆனால், கண்ணுக்குத் தெரியாத பெரிய மடிப்பு ஒன்றின் வளைவைக் கடந்திருக்கிறீர்கள். மலையே ஒரு மடிப்பாக இருக்கும்போது அதை முழுவதாகப் பார்க்க வேறு வழியில்லை. சுவரின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எஸ் இஸட்டாகத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெட்டுமுகம் ஏமாற்றும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அகன்ற மடிப்பையும் சாய்வாக வெட்டினால் கூர்மையாகத் தெரியும். மூடிய கண் வடிவமோ வளையமோ தெரிந்தால், மடிப்பின்மேல் வேறு திசையில் இன்னொரு மடிப்பு விழுந்திருக்கலாம். ஒரே மடிப்பு அதிகமாக இழுபட்டு நீண்டிருந்தாலும் அதே வடிவம் வரும். ஒரு முகத்தை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிக்கமுடியாது. கல்லைச் சுற்றி வந்து இன்னொரு முகத்தையும் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

மடிப்பின்மேல் மடிப்பு என்பது கைப்பிடிக் கல்லில் மட்டும் நிற்பதில்லை. கண்டியைச் சுற்றி, இரு முனைகளும் மேல்நோக்கி ஏறி நடு தாழ்ந்த நீள்வட்ட மடிப்புகள் வரிசையாக உள்ளன. அவற்றின் உள்ளே ஹோர்ன்பிளெண்ட் என்னும் கறுப்புக் கனியமும் பயோட்டைட் என்னும் கறுப்பு மைக்காவும் கலந்த நைஸ் பாறைகள். புவிச்சரிதவியலாளர்கள் இவற்றைக் கடுகண்ணாவைத் தொகுதி என்று தனியாகப் பிரித்து, சுற்றிலும் உள்ள, மலையகத்தின் பெரும்பகுதியான மேட்டுநிலத் தொகுதியிலிருந்து வேறுபடுத்துகிறார்கள்.

உடைந்த பட்டைகள்

எல்லாப் பாறையும் ஒரே மாதிரி வளையாது. பளிங்குக்கல் இளகி ஓடும்போது, அதற்குள் இருக்கும் கறுப்புப் பட்டை விறைப்பாக நின்று, இழுவை தாங்காமல் துண்டுதுண்டாகப் பிரியும். திகன, மாத்தளைப் பக்கத்துப் பளிங்குக்கல் குவாரி முகங்களில் வெள்ளைப் பாறைக்குள் கறுப்புத் துண்டுகள் ஒரே கோட்டில் நிற்பதைக் கண்டால் அதுதான் காரணம். துண்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸோ பெல்ட்ஸ்பாரோ வளர்ந்திருக்கும். எந்தத் திசையில் இழுபட்டது, பாறைகளில் எது வலியது என்ற இரண்டையும் ஒரே பார்வையில் இது சொல்லிவிடுகிறது.

துண்டின் உள்ளேயும் பாருங்கள். வெளியே பாறை எத்தனை தடவை இழுபட்டிருந்தாலும் வலிய துண்டின் நடுவில் பழைய வரி அப்படியே இருக்கும், சில நேரம் வெளியே உள்ள வரிக்குக் குறுக்காகவே நிற்கும். அந்தக் கோண வித்தியாசத்தை வரைந்துகொள்ளுங்கள். படம் மட்டும் எடுத்தால் போதாது. வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது.

கார்னெட் மணி

மலையகத்தில் பாறை பார்க்க வருகிறவர்களுக்கு நான் கார்னெட்டைத்தான் முதலில் காட்டுவேன். எங்கும் கிடைக்கும், கண்ணுக்குத் தெரியும், வலியது. கார்னெட் வளரும்போது தன்னைச் சுற்றியிருந்த சின்னக் கனியங்களை விழுங்கி வளரும். விழுங்கியவை அன்றிருந்த வரியின் ஒழுங்கிலேயே உள்ளே நிற்கும். பிறகு வெளியே பாறை எப்படி மாறினாலும் உள்ளே உள்ளது பாதுகாப்பாக இருக்கும். உள் வரியும் வெளி வரியும் ஒரே கோட்டில் சேர்ந்தால், மணி வளர்ந்த பிறகு பெரிய மாற்றமில்லை. உள்வரி கோணலாக நின்றால், மணி வளர்ந்ததற்குப் பிறகு ஒரு நசிவு நடந்திருக்கிறது. உள்வரி சுருண்டிருந்தால், நசிவு நடந்துகொண்டிருக்கும்போதே மணி வளர்ந்திருக்கிறது.

வெளியேயும் பாருங்கள். மைக்கா வரி கார்னெட்டைச் சுற்றி வளைந்து ஒதுங்கிப் போகிறதா? அப்படியானால் அந்த வரியை இறுக்கிய நசிவுக்கு முன்பே மணி இருந்தது. வரி நேராக வந்து மணியில் முட்டி நிற்கிறதா? மணி பிந்தியது.

சில கறுநிறப் பாறைகளில் கார்னெட்டைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும். லென்ஸில் பார்த்தால் அதற்குள் நுண்ணிய கறுப்பு மணிகளும் கலந்திருக்கும். பாறை மேலே வரும்போது அழுத்தம் குறைந்து, கார்னெட் குவார்ட்ஸோடு சேர்ந்து பைரொக்சீன் என்னும் கறுநிறக் கனியமும் பிளெஜியோகிளேஸ் என்னும் வெள்ளைப் பெல்ட்ஸ்பாருமாக மாறியதன் விளைவு அது. ஆழத்திலிருந்து ஏறிவந்த கதையை வெறுங்கண்ணால் பார்க்க இதுவே வழி.

பல்கலைக்கழக நுணுக்குக்காட்டியில் இன்னும் ஒரு படி போகலாம். மேட்டுநிலத் தொகுதியின் சில கார்னெட் மணிகளுக்குள் கயனைட் அகப்பட்டிருக்கிறது. வெளியே அதே சேர்மானமுள்ள சிலிமனைட். அழுத்தம் கூடிய இடத்தில் நிலைப்பது கயனைட். வெப்பம் கூடினால் அது சிலிமனைட்டாகிவிடும். ஆகவே பாறை முதலில் ஆழத்துக்கு அமிழ்ந்து, அப்புறம் உச்ச வெப்பத்துக்கு ஏறியிருக்கிறது. பாறையின் மற்ற எல்லா இடத்திலும் கயனைட் அழிந்துபோக, மணியின் வயிற்றுக்குள் மட்டும் தப்பியது.

குறுக்கே வெட்டுபவை

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். எது எதை வெட்டுகிறதோ அது பிந்தியது. வரிகளையும் மடிப்புகளையும் நேராக வெட்டிப்போகும் பருமணிப் பெக்மடைட் நரம்பு, மடிப்புக்குப் பிந்தியது. அதே போன்ற நரம்பு வளைந்து நெளிந்து கிடந்தால், பிந்திய மடிப்பு ஒன்றுக்கு முந்தியது. சில நைஸ்களில் பசுங்கறுப்புச் சார்னோக்கைட் திட்டுகள் வரியின்மேல் படர்ந்து அதை மங்கவைத்திருக்கும். குருநாகல் பக்கத்தில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. திட்டு வரியை அழிப்பதால் அது வரிக்குப் பிந்தியது. துரு படிந்த நேரான வெடிப்புகள் எல்லாவற்றுக்கும் கடைசி: பாறை ஆறி, வளையும் தன்மை இழந்து, உடையத் தொடங்கிய பின் வந்தவை.

வரிசையாக எழுதுவது

பார்த்ததை எழுதும்போது பெயர் சூட்டாமல் நிகழ்ச்சியாக எழுதுங்கள். ஒரு மாதிரிச் சுவரை வைத்துக்கொள்வோம். சாம்பல் கார்னெட் நைஸ், அதில் வரிக்கு இணையாக ஓடும் வெள்ளை நரம்பு, துண்டுகளாக இழுபட்டது, கூர்மையான சின்ன மடிப்புகள், மைக்கா அவற்றோடு வளைகிறது, சுவர் முழுவதும் மெல்ல அலையும் அகன்ற மடிப்பு, எல்லாவற்றையும் வெட்டும் பெக்மடைட், செங்குத்து வெடிப்புகள்.

கடைசியாக நடந்ததிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அது சுலபம். வெடிப்பு பெக்மடைட்டையும் வெட்டுகிறது, ஆகவே கடைசி. பெக்மடைட் அகன்ற மடிப்பை வெட்டுகிறது, ஆகவே அதற்கு முந்தியது அகன்ற மடிப்பு. கூர்மையான மடிப்பின் கைகள் அகன்ற மடிப்போடு சேர்ந்து அலைகின்றன, ஆகவே கூர்மையானது இன்னும் முந்தியது. மைக்கா கூர்மையான மடிப்போடு வளைகிறது, ஆகவே வரித்தளம் அதற்கும் முந்தியது. வெள்ளை நரம்போ? உருகிப் பிரிந்து வரியோடு படிந்து, பிறகு இழுபட்டது. இழுபட்டது வரித்தளம் உண்டானபோதா, கூர்மையாக மடிந்தபோதா? துண்டுகள் மடிப்பின் வளைவிலும் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். இருந்தால், மடியும் முன்பே துண்டாகிவிட்டன. இப்படி ஒவ்வொரு சந்தேகமும் உங்களைச் சுவரின் இன்னொரு மூலைக்கு அனுப்பும். அனுப்பாவிட்டால் ஏதோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

கார்னெட்டை எங்கே சொருகுவது என்பதற்கு மேலே சொன்ன சோதனைகள் போதும்.

ஆண்டுக்கணக்கு வெளியிலிருந்துதான் வரும்

உங்கள் கொப்பியில் வரிசை இருக்கும், ஆண்டு இராது. ஆண்டை ஆய்வுகூடம்தான் தரும். சேர்க்கன் என்ற நுண்மணி யுரேனியத்தைக் கொஞ்சம் தனக்குள் வைத்திருக்கும். யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் தெரியுமாதலால் வயதைக் கணக்கிடலாம். ஒரே சேர்க்கன் மணியின் நடு ஒரு வயதும் விளிம்பு இன்னொரு வயதும் காட்டும். இதுவும் ஓர் ஒதுக்கிடம். மேட்டுநிலத் தொகுதியில் நடுப்பகுதிகள் சில 200 கோடி ஆண்டுகளுக்கும் பழையவை. விளிம்புகள் சுமார் 61 கோடியிலிருந்து 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. கோண்டுவானா ஒட்டிச் சேர்ந்தபோது நடந்த பெரும் மோதலின் காலம் அது. உச்சத்தில் வெப்பம் பல இடங்களில் 800 பாகை செல்சியசை எட்டியது. கண்டி, கம்பளைப் பக்கத்தில் சில சிறு இடங்களில் 900 பாகைக்கும் மேல் போனதைச் சபிரின் என்னும் அரிய கனியம் காட்டிக்கொடுக்கிறது. ஆழம் 25 முதல் 30 கிலோமீட்டர் வரை. இன்று 2,524 மீட்டர் உயரத்தில் பீதுருதாலகாலை உச்சியில் நிற்கும் பாறையும் அந்த ஆழத்திலிருந்து வந்ததுதான்.

இந்த நாட்டுப் பாறைகளை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாளராகவே நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஆனால் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவையின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். தோரியனைட் என்ற கனியத்தை 1904-இல் அடையாளம் கண்டதும் அவர்தான். இன்று அந்த வேலையைச் செய்வது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். அவர்களுடைய 1:100,000 அளவிலான புவிச்சரித வரைபடத்தில் உங்கள் ஊர்த் தாளை வாங்கிக்கொண்டு, நீங்கள் அளந்த சாய்வுகளைப் பென்சிலால் அதில் குறியுங்கள். அச்சிட்ட குறிகளோடு ஒத்துப்போகும் இடத்தைவிட ஒத்துப்போகாத இடத்துக்குத்தான் இரண்டாம் முறை போகவேண்டும்.

அளவுகளுக்கு வேறொரு பயன்

மலைச்சரிவும் வரித்தளமும் ஒரே பக்கம் சாய்ந்து, வரித்தளத்தின் சாய்வு சரிவைவிடக் குறைவாக இருந்தால், வீதிக்கோ வீட்டுக்கோ வெட்டும்போது தளத்தின் அடிமுனை அறுபட்டு, மேலே உள்ள பாறைப்பலகை தாங்கல் இல்லாமல் நிற்கும். மைக்கா நிறைந்த பட்டையோ உக்கிக் களியான பட்டையோ அந்தத் தளத்தில் இருந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கி வழுக்கவைக்கும். எதிர்ப்பக்கச் சரிவில், வரித்தளம் மலைக்குள் நோக்கிச் சாயும் இடத்தில், இந்த ஆபத்து குறைவு. அங்கே வெடிப்புகளைப் பார்க்கவேண்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் தளம் உங்கள் பக்கம் சாய்வதைக் கண்டால், திசையும் கோணமும் எழுதிய துண்டோடு கிராம உத்தியோகத்தரிடமோ, மாவட்டத்தில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்திலோ சொல்லுங்கள். சுவரில் புதிதாக ஊற்று கிளம்பியிருந்தாலோ, மேலே நிலத்தில் விரிசல் தெரிந்தாலோ அளந்துகொண்டு நிற்கவேண்டாம். முதலில் ஆட்களை வெளியேறச் சொல்லுங்கள்.